அண்ணனைத் தூக்கிச் சுமந்த அப்பாவுக்கு

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் மெர்சி எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்கள் இருக்கிற இடத்தில் சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையை நீங்கள்தான் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் வங்காளத்தில், அதே சாந்த்ராகாச்சி வீட்டில்தான் இருக்கிறோம். நான் இங்கிருந்தே பவானிபூருக்கு பேங்க் வேலைக்குப் போய் வருகிறேன். அம்மாவுக்கு முதுகுவலி அப்படியேதான். டேனி அண்ணன் நன்றாக மெலிந்து, இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். அண்ணன் பிறக்கும்போதே மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்டவன். நடக்க மாட்டான், பேச மாட்டான். முப்பத்தைந்து வயதுவரை அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சோறு ஊட்டியது நீங்கள்.

ஆனால் இளவயதில் நீங்கள் இப்படி இல்லையாமே? அம்மா சொல்வாள். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தால் லேசில் உட்கார மாட்டீர்களாம். வேலை கிடைத்தது ஜெபத்துக்குக் கிடைத்த பதில், குவாட்டர்ஸ் கிடைத்தது உபவாசத்துக்குக் கிடைத்த பதில். கூட வேலை பார்த்தவரின் மனைவி நோயில் படுத்தபோது, "குடும்ப ஜெபம் இல்லாத வீடு, வேற எப்படி இருக்கும்?" என்றுகூடச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. நான் பார்த்த அப்பா, யாருடைய கஷ்டத்துக்கும் காரணம் சொன்னவரே இல்லையே!

அண்ணன் உட்காரக்கூட மாட்டான் என்று டாக்டர்கள் சொன்ன நாளோடு உங்கள் சாட்சி நின்றுபோனதாம். முதலில் உபவாசம் இருந்தீர்கள். பிறகு கோபம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அண்ணனோடு வீட்டிலேயே இருந்துவிடுவீர்களாம். அந்த நாட்களைப் பற்றி அம்மா சொன்னது எனக்கு மறக்காது. "அவிய ஆண்டவர்கிட்ட பேச மாட்டேன்னு இருந்தாவ. ஆனா பிள்ளையக் கீழ விடல."

எப்போது மறுபடியும் பேசத் தொடங்கினீர்கள்? அது அம்மாவுக்கும் தெரியாது. ஒரு காலையில் குளியலறையில் முணுமுணுப்பு கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அண்ணன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "ஆண்டவரே, இன்னைக்கும் கூட இரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். அவ்வளவுதான் ஜெபம். மணிக்கணக்கில் ஜெபித்தவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது குவாட்டர்ஸில் நம் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் நினைவிருக்கிறதா? வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு எல்லார் முன்னாலும், "இந்த வீட்டில் ஒரு மறைவான பாவம் இருக்கிறது. அதை அறிக்கையிடும் நாளில் இந்தப் பிள்ளை எழுந்து நடப்பான்" என்றார். அம்மா அங்கேயே அழத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் செய்த சின்னச் சின்னத் தப்பையெல்லாம் அவள் மனம் தோண்டத் தொடங்கியது முகத்திலேயே தெரிந்தது.

நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ எழுந்துபோய் அண்ணன் வாயோரத்தைத் துடைத்துவிட்டீர்கள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்: "நானும் இப்படித்தான் பேசிட்டிருந்தேன் ஐயா. இவன் பிறக்கதுக்கு முன்னால."

நீங்கள் அம்மா பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் தேடாத. எல்லாருக்கும் காப்பி போடு" என்றீர்கள். அந்தப் பிரசங்கியாருக்கு முதல் டம்ளரை நீட்டியதும் நீங்கள்தான்.

இன்னொரு நாள் நானும் கேட்டேன். கஷ்டம் நம்மைப் புடமிடுகிறது என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த உங்களிடம், "உங்களைத் திருத்தத்தான் ஆண்டவர் அண்ணனை இப்படிக் கொடுத்தாராப்பா?" என்றேன். அண்ணன் கை துள்ளி ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னீர்கள்.

"ஒரு அப்பனைத் திருத்தப் பிள்ளைய முடக்கிப் போடுதவர் இல்ல மெர்சி, அவரு. ஏன் இப்படின்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா இவனைத் தூக்கும்போதெல்லாம் என்னையும் யாரோ தூக்குத மாதிரி இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இந்தளவுக்கு ஒன்றும் எனக்குள் தங்கவில்லை.

நீங்கள் ரிட்டயர் ஆகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு, எதிர்வீட்டு வங்காளிச் சித்தி, ஷிகா மாஷியின் ஒரே மகள் டெங்குவில் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாம் ஏதாவது சொன்னார்கள். விதி என்றார் ஒருவர், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிருக்கலாம் என்றார் இன்னொருவர். நீங்கள் தினமும் சாயங்காலம் அண்ணனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் மாஷி வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. உங்கள் வங்காளமும் ஆபீஸ் வங்காளம்தானே.

போன மழைக்காலத்தில், அண்ணனுக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கை கழுவப் போன நீங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டேனியை நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துரும்மா. உங்கம்மாவால தூக்க முடியாது. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?" அவர் சொன்னதில் தப்பில்லை. என்னாலும் தனியாகத் தூக்க முடியாதுதான். மறுநாள் காலையில் அண்ணனைக் கட்டிலிலிருந்து நகர்த்த முடியாமல் நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது ஷிகா மாஷி உள்ளே வந்தார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "கால் பக்கம் நான் பிடிக்கிறேன், எழுந்திரு மா" என்று வங்காளத்தில் சொன்னார்.

அன்று அண்ணனைத் துடைத்துவிட்டு முடித்த பிறகு மாஷி சொன்னார்: "என் மகள் போனப்போ எல்லாரும் பேசினாங்க. உன் பாபா ஒண்ணுமே பேசல. கூடவே அழுதார். அவர் ஒருத்தர் வந்தப்போதான் என்னால மூச்சு விட முடிஞ்சுது."

நீங்கள் அழுதீர்களா அப்பா? நாங்கள் யாரும் பார்த்ததில்லையே. அண்ணனால் நீங்கள் என்னவாக மாறியிருந்தீர்கள் என்பது எங்களைவிட எதிர்வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கும் காலையில் மாஷி வருகிறார். நான் ஆபீஸ் போன பிறகு பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளையும் வைத்திருக்கிறோம். ஹோம் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். அதற்காக நான் உங்களைப்போல ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வருகிறது. அண்ணன் சோற்றைத் துப்பும்போது வருகிறது, ஆபீசுக்கு நேரமாகும்போது வருகிறது, ஆண்டவர்மேலும் வருகிறது. உங்களுக்கும் வந்தது என்று அம்மா சொல்லியிராவிட்டால், எனக்கு விசுவாசமே இல்லை என்று முடிவு கட்டியிருப்பேன்.

நீங்கள் போனதிலிருந்து அண்ணன் சிரிக்கவே இல்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் அம்மாவையும் டாக்சியில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாலத்தின்மேல் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் நேராக அண்ணன் முகத்தில் அடித்தது. டிரைவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். நான் கை நீட்டுவதற்குள் அண்ணன் சிரித்துவிட்டான் அப்பா! வாய்விட்டு, உடம்பு முழுக்கக் குலுங்க. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தாக், தாக், இருக்கட்டும்" என்று அவரும் சிரித்தார். அம்மா ஈரப் புடவையோடு சிரித்துக்கொண்டே அழுதாள்.

கோயிலில் தலை நனைந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் இப்படி என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. இருந்தாலும் அதோடேயே நன்றி சொன்னேன். உங்கள் அடக்கத்துக்குப் பிறகு முதன்முறையாக.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். பொறுமையாக இருப்பேன் என்று சொல்ல மாட்டேன், அது எனக்கு இன்னும் வரவில்லை. கோபத்தோடாவது ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பேன், பேச்சை நிறுத்த மாட்டேன். மழைக்காலம் இருக்கும்வரை ஞாயிறுதோறும் அண்ணனை ஜன்னலோரம்தான் உட்காரவைப்பேன்.

டேனி அண்ணனின் தங்கை,
உங்கள் மகள்
மெர்சி