மண் இளகும் நாள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
15 மார்ச் 2025

அன்புள்ள பிருந்தனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மனம் வரவில்லை. தொலைபேசியில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால்தான் கடிதம்.

றோசலின் தன் வீட்டில் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். கார்டெரியில் என்னோடு பிள்ளை பராமரிக்கும் வேலை செய்யும் இந்த மட்டக்களப்பு வேதக்காரப் பிள்ளை, தேவாலயத்தை விட்டுவிட்டு மரத்தையும் மண்ணையும் கும்பிடும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருக்கிறாள். வருகிற வியாழன் பகலும் இரவும் சமமாகும் நாளாம். அன்று வசந்தத்தை வரவேற்பார்கள். முட்டைக்குச் சாயம் பூசி, அன்பானவரின் பெயரை எழுதி மண்ணில் புதைப்பார்கள்.

நான் நம் மேனுகாவின் பெயரை எழுதப் போகிறேன். தை மாதம் பிள்ளையைக் கொண்டுபோனபோது, பெண்கள் சுடலைக்கு வரக்கூடாதென்று என்னை வீட்டில் இருத்திவிட்டீர்கள். பெற்ற நான் ஒரு பிடி மண் போடவில்லை. இதற்காவது வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள்
ஆர்த்திகா

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
18 மார்ச் 2025

அன்பின் ஆர்த்திகாவுக்கு,

கோழிமுட்டைக்குப் பெயர் வைக்கவோ கடல் கடந்து வந்தோம்? பெரியண்ணையிடம் சொன்னேன். "உதென்ன பேய்க்கூத்து, அவளைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஒரே ஏச்சு.

நான் வரவில்லை, கோபிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்கு நீர் வாரும். பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்வோம். அவள் நல்லபடியாக மண்ணில் உறங்குகிறாள். அதை நினைத்து மனதை ஆற்றும். நீர் இல்லாமல் வீடு வீடாக இல்லை.

என்றும் அன்புடன்
பிருந்தன்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
21 மார்ச் 2025

பிருந்தன்,

நேற்றுத் தோட்டத்தில் வட்டமாக நின்றோம். மெழுகுதிரி ஏற்றி, விதைகளைக் கையில் வைத்து ஏதோ பாடினார்கள். பிரெஞ்சுப் பாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. என் மஞ்சள் முட்டையைப் புதைக்க மண்வெட்டியால் ஓங்கிப் போட்டேன். கை கடுத்ததுதான் மிச்சம், பனியில் இறுகிய மண் அசையவில்லை. வட்டத்தை நடத்தும் மூதாட்டி சிரித்துக்கொண்டு சொன்னாள்: இந்தப் பக்கத்து மயானங்கள் சிலவற்றில் செத்தவர்களே மே மாதம் வரை காத்திருக்கிறார்களாம்.

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

மார்ச்சில் இப்படியென்றால் தையில் யார் குழி வெட்டினார்கள்? என் பிள்ளை எங்கே?

ஆர்த்திகா

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
26 மார்ச் 2025

ஆர்த்தி,

ஓம், நீர் நினைத்தது சரி. இன்னும் அடக்கம் செய்யவில்லை. பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை. அந்த மயானத்திலோ பனிக்காலத்தில் மண் வெட்டுவதில்லை. பெட்டியை அங்கே கல்லால் கட்டிய ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். "தாய்க்குச் சொல்லாதை, பிள்ளை குளிரிலை கிடக்கெண்டு அழுதே செத்துப்போவாள்" என்றார் பெரியண்ணை. எனக்கும் அது சரியாகப் பட்டது.

வேலை முடிந்து அந்தக் கதவடியில் போய் நிற்பேன். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

மயானத்தார் நாள் சொன்னதும் உம்மை அழைப்பேன். நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன். பெரியண்ணையோடு நான் கதைக்கிறேன். இது பிள்ளைமேல் சத்தியம்.

பிருந்தன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
4 மே 2025

அன்பின் ஆர்த்திகாவுக்கு,

நேற்றுக் காலை பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டோம்.

உமக்குச் சொல்லத்தான் இருந்தேன். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பெரியண்ணை பக்கத்தில் இருந்தார். "சுமந்தவள் குழியைப் பாக்கக்கூடாது, தாங்கமாட்டாள்" என்றார். நீர் மயங்கி விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மண் நன்றாக இளகியிருந்தது.

கோபம் ஆறியதும் வீட்டுக்கு வாரும். கதவு திறந்தே இருக்கும்.

உமது
பிருந்தன்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
7 மே 2025

பிருந்தனுக்கு,

அடக்கத்துக்கு நாள் குறித்தால் மயானத்தார் தாய்க்கும் அறிவிப்பார்கள். வியாழனே எனக்குச் சொல்லிவிட்டார்கள். வெள்ளி முழுவதும் உங்கள் அழைப்புக்காக இருந்தேன். குளிக்கப் போனாலும் தொலைபேசியைக் கையோடு கொண்டுபோனேன்.

சனி காலை றோசலின் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாள். வேலிக்கு வெளியே, உங்களுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போவோம் என்று றோசலின் கையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் கூப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியை ஒருவரிடமும் கொடுக்காமல் நீங்களே சுமந்தீர்கள். மண் போடும்போது குனிந்தபடியே அழுதீர்கள். அதைக் கண்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது. இந்த மனிதன் தனியாக எவ்வளவு தாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதுகூட வீட்டுக்கு வர ஆசைப்பட்டேன்.

பிறகு நீங்கள் நடந்தீர்கள். பெரியண்ணை உங்கள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். சுடலையில் திரும்பிப் பார்க்கக்கூடாதென்று சொல்லியிருப்பார். நம்முடைய முறை அதுதான். நீங்களும் பார்க்கவில்லை.

நீங்கள் எல்லோரும் போனபின் உள்ளே போய் என் பங்கு மண்ணைப் போட்டேன். நான் மயங்கவில்லை.

ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன், பிருந்தன். இனி வரமாட்டேன்.

மேனுகாவின் அம்மா
ஆர்த்திகா