மன்னிக்கு, உங்கள் நாக்கு எழுதுவது

மன்னி,

இன்று காலை பத்தரை மணிக்கு நம் அடுக்களையில் மிளகாய் வற்றல் வறுபட்டது. முதலில் மாடியறையில் நான் தும்மினேன். பிறகு பக்கத்து வீடு தும்மியது, அதற்கடுத்த வீடு தும்மியது, தெரு முழுக்க வரிசையாகத் தும்மி முடித்தபின் கரமனை ஆறே ஒரு நிமிடம் நின்று தும்மிவிட்டுத்தான் மேலே ஓடியது. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் அடுப்படியில் நிற்கிறீர்கள் என்று விறுவிறுவென்று படியிறங்கினேன். பாதிப் படியில்தான் உறைத்தது, நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. அடுப்படியில் நின்றது உங்கள் மருமகள் வித்யா. கண்ணும் மூக்கும் சிவந்துபோய், "நாப்பது போட்டிருக்கேன் சித்தப்பா, இன்னிக்காவது உங்க அண்ணா பிள்ளை ஒத்துக்கறாரா பார்ப்போம்" என்றாள்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். விளக்கைத் தொட வைத்து என்னிடம் வாங்கிய வாக்கை இன்று உடைத்துவிட்டேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொரோனா நம் வீட்டு நால்வரையும் சாய்த்த நாட்கள் நினைவிருக்கும். எல்லோருக்கும் ருசியும் வாசனையும் போயின. உங்கள் பிள்ளை ரமணிக்குப் பத்து நாளில் திரும்பியது, வித்யாவுக்கு மூன்று வாரத்தில். எனக்கு ஆரியசாலையில் ஒரு பெருங்காயக் கடையைத் தாண்டும்போது, பின்மண்டையில் யாரோ அடித்த மாதிரி மொத்தமாகத் திரும்பியது. "எனக்கும் வந்துடுத்து" என்றீர்கள் நீங்கள். நம்பினோம். பொய் சொல்லும் இலாகா இந்த வீட்டில் என் பொறுப்பில் இருந்ததால் வேறு யாரையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு மத்தியானம் உங்களுக்குத் தலைவலி. நான் காப்பி போட்டுத் தருகிறேன் என்று முன்வந்தேன். அதிலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி எடுத்துவந்து, உங்கள் கூச்சல் கழக்கூட்டத்தில் வேலையிலிருந்த ரமணியின் காதுவரை எட்டப்போகிறது என்ற ஆவலுடன் எதிரில் உட்கார்ந்தேன். நீங்கள் குடித்தீர்கள். கடைசிச் சொட்டு வரை. "நன்னாயிருக்கு சுப்பு. சூடுதான் இத்திரி போறாது" என்றீர்கள்.

தொண்டைவரை வந்த சிரிப்பு அங்கேயே செத்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள், டம்ளரைப் பார்த்தீர்கள். "என்ன போட்டே இதுல?" என்று கேட்டீர்கள், மெதுவாக.

சொன்னேன். எழுந்து என் கையைப் பிடித்து விளக்கைத் தொட வைத்தீர்கள். அப்புறம், "ஆர்கிட்டயும் சொல்லப்படாது. தெரிஞ்சா ரமணி சமையலுக்கு ஒரு மாமியைக் கொண்டுவந்துடுவான். நான் கூடத்துல உக்காந்து, இன்னிக்கு என்ன கூட்டுன்னு அவளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். என்னால முடியாதுடா" என்றீர்கள். அண்ணா போன அன்றுகூட அந்தக் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

சுவாமிக்குக் காட்டும் முன் எதையும் நாக்கில் வைக்காத வீடு நம்முடையது. நீங்கள் குழம்பின் ஆவியை முகர்ந்தே உப்பு எட்டிவிட்டதா என்று சொல்கிறவர். அந்த மூக்கே போய்விட்டது. நான் ருசிபார்த்துச் சொல்கிறேன் என்றால், சுவாமிக்கு முன்னால் உனக்கா என்று கரண்டியை ஓங்கினீர்கள். கடைசியில் இருவரும் ஒரு சங்கேதம் வகுத்தோம். இலையில் உட்கார்ந்ததும் நான் வழக்கம்போல் புளுகவேண்டும். புளுகில் மகாராஜா வந்தால் உப்புக் குறைவு. யானை வந்தால் புளி அதிகம். விமானம் பறந்தால் காரம் அதிகம்.

"இந்த ரசத்தைக் கேள்விப்பட்டால் மகாராஜா செருப்பில்லாமல் ஓடிவருவார்" என்பேன். "சூடு போறலை, இருங்கோ" என்று பாத்திரத்தோடு உள்ளே போய் அதில் உப்பைப் போட்டுக்கொண்டு திரும்புவீர்கள். "சித்தப்பாக்கு வயசாக ஆகப் புளுகும் ஏறறது" என்று ரமணி சிரிப்பான். ஊர் என்னை உதவாக்கரை என்றுதான் அறிந்திருந்தது. ஒரு சமையலறையின் ஆட்சியே என் புளுகில் நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

ரமணியின் பிறந்தநாளன்று மட்டும் என் வாயே என் காலை வாரியது. பால்பாயசம் உண்மையாகவே அபாரம். சங்கேதத்தை மறந்து, "மகாராஜா இதற்கு ராஜ்யத்தையே எழுதிவைப்பார்" என்று கூவிவிட்டேன். நீங்கள் பாயச உருளியை உள்ளே எடுத்துப்போனீர்கள். பிறகு எல்லோருக்கும் ஊற்றினீர்கள். ரமணி முதல் மடக்கிலேயே முற்றத்துக்கு ஓடினான். உப்பைக் கொட்டியது நான்தான், வேடிக்கைக்குச் செய்தேன் என்று பழியை ஏற்றேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். அன்று சாயங்காலம் கேட்டேன், "பாயசத்துக்கு யாராவது உப்புப் போடுவாளா மன்னி?" என்று.

"நீ சொன்னே, போட்டேன். உன் நாக்கு சொல்றதைக் கேக்கறதுன்னு வெச்சிருக்கேன். அப்புறம் யோசிச்சா எப்படி?"

எழுபது வயதுவரை என்னை யாரும் அப்படி நம்பியதில்லை, மன்னி.

ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க மறுத்தீர்கள். தினமும் விமானம் விட்டேன். சங்குமுகம் கடலுக்கு மேல் என் விமானங்கள் நெரிசலில் முட்டிக்கொண்டன. மிளகாய் மட்டும் குறையவில்லை. குழம்பு சிவந்தது, ரசம் சிவந்தது, மோர்க்குழம்புகூட லேசாக வெட்கப்பட்டது. காரணம் தெரிந்தது கரமனைப் பாலம் தாண்டி இருக்கும் அந்தத் தெருவோரத் தட்டுக்கடையில்தான்.

ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, புதன்கிழமை மத்தியானங்களில் நாம் சாப்பிடக் கிளம்பியது யாருக்குத் தெரியும்? உள்ளி வெங்காயத்தை அடுக்களை வாசலில்கூட நிறுத்தாத நீங்கள், வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை, உள்ளியும் காந்தாரி மிளகாயும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தித் துவையலில் தோய்த்துத் தோய்த்துத் தின்றீர்கள். விரல்நக அளவுதான் காந்தாரி. ஒன்றைக் கடித்தால் முன்ஜென்மம் தெரியும். நீங்கள் ஐந்தாவதை எடுத்தபோது கடைக்காரர் பயந்துபோய், "எரிக்கில்லே அம்மே?" என்று கேட்டார். உங்கள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"இது ஒண்ணுதான் எனக்குத் தெரியறது சுப்பு" என்றீர்கள். "பாக்கி எல்லாம் பஞ்சைச் சவைக்கறாப்பல. எரிவு மட்டும் உள்ளே வரைக்கும் வந்து, நான் இருக்கேன்னு சொல்றது."

அன்றோடு என் விமானங்கள் எல்லாம் தரையிறங்கின.

வெளியே போனால் மட்டும் என் புளுகுக்குத் தடை. போளியும் பாயசமும் வாங்கி என் பக்கம் தள்ளிவிட்டு, "ராஜாவும் வேண்டாம், யானையும் வேண்டாம். எப்படி இருக்குன்னு உள்ளபடி சொல்லு" என்பீர்கள். எனக்கு வியர்த்துவிடும். ஆயுசில் ஒன்றையாவது உள்ளபடி சொன்னவனா நான்? தட்டுத்தடுமாறி, "முதல்ல நெய். அப்புறம் மஞ்சள் லேசா. தித்திப்பு மெதுவாத்தான் வரது" என்பேன்.

"ஏலக்காய்?"

"இருக்கு. ஆனா பழைய ஏலக்காய்."

"அப்படிச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்த அரை நிமிடம் உங்கள் வாய்க்குள் போளி இருந்தது. நான் பார்த்தேன்.

இன்றைய கதைக்கு வருகிறேன். மத்தியானம் இலையில் ரமணி ஒரு வாய் எடுத்தான், கையை உதறினான். "அம்மா கை வரலை. அம்மா குழம்புன்னா உச்சந்தலை வேர்க்கும்" என்றான். ஒன்பது மாதமாகச் சொல்வதுதான். வித்யா கரண்டியைக் கீழே வைத்தாள். "பத்துல ஆரம்பிச்சு நாப்பதுக்கு வந்துட்டேன். எனக்கு வயிறு எரிஞ்சு ராத்திரி தூக்கம் இல்லை. நாளையிலேந்து சமையலுக்கு ஒரு மாமியை வெச்சுக்கோங்கோ. நான் இனி இந்த அடுக்களைக்குள்ள வரலை" என்றாள்.

எது நடக்கக்கூடாது என்று நாலு வருஷம் இருவரும் திருட்டுத்தனம் பண்ணினோமோ, அதே வாக்கியம். உங்கள் வாக்கைக் காப்பாற்றினால் அவள் வெளியே போகிறாள். சொன்னேன், மன்னி. ராஜா, யானை ஏதும் இல்லாமல், நாலே வாக்கியத்தில்.

ரமணி நம்பவில்லை. எப்படி நம்புவான்? "அம்மா விஷயத்துல வேண்டாம் சித்தப்பா, கதை விடறதுக்கும் ஒரு எல்லை உண்டு" என்று எழுந்துவிட்டான். என் ஆயுசின் அத்தனை புளுகும் அப்போது என் எதிரே வந்து நின்றன. உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி இல்லாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

"உன் பிறந்தநாள் பாயசத்துல உப்புப் போட்டது நான் இல்லைடா" என்றேன்.

வாசற்படி வரை போனவன் நின்றான். "அம்மா அன்னிக்கு ஒரு டம்ளர் குடிச்சா" என்றான் சுவரைப் பார்த்தபடி. "நான் வாய் கொப்புளிச்சுட்டு வரேன், அவ குடிச்சுண்டே இருக்கா. நான் வருத்தப்படக்கூடாதுன்னு குடிக்கறான்னு நினைச்சேன்." பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். "நாலு வருஷம் அம்மா என்னதான் சாப்பிட்டா?"

"எரிவை" என்றேன்.

வித்யா அடுக்களைக்குள் போனாள். அரை மணியில் எட்டே மிளகாயில், அவள் பிறந்தவீட்டு வழியில் ஒரு குழம்பு வைத்து இறக்கினாள். ரமணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அம்மா கை என்ற பேச்சே எழவில்லை. மாமியைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

குழம்பு எப்படி என்று கேட்பீர்கள். உள்ளபடி சொல்கிறேன். உப்பு சரி. புளி அளவு. வெந்தயம் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் கசக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்ற நல்ல குழம்பு, மன்னி. எனக்குத்தான் இன்னும் கொஞ்சம் எரியவேண்டியிருக்கிறது.