சிவப்பு போர்டு வந்தால் லெஃப்ட்

2006 ஜூலை 16, ஞாயிறு

ராயபுரம் பிரவுசிங் சென்டரில் மகள் கார் ரேஸ் ஆடினாள். திரையில் சாலையோரம் ஒரு சிகரெட் விளம்பரம். அதையே எங்கள் தெருமுனைச் சுவரில் வரைந்தவன் நான். அரசாங்கம் தடை போட்டதும் வெள்ளையடித்து மறைத்தவனும் நானே.

இது எப்படி இங்கே வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“சிகரெட் கம்பெனிக்காரன் சும்மா குட்த்த சிடி மாமு. கேமுக்குள்ள எந்த ஆபீசரு வந்து பாக்கப் போறான்?”

சும்மா எதற்குக் கொடுக்கிறான்?

விளம்பரத்தைப் பார்த்தாயா என்று மகளைக் கேட்டேன்.

“இன்னா விளம்பரம்? செவப்பு போர்டு வந்தா லெஃப்ட்ல திரும்பணும் நைனா, அவ்ளோதான்.”

வீட்டுக்கு நடந்தோம். மழையில் வெள்ளை கரைந்து, தெருமுனைச் சுவரில் பழைய சிவப்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் மகள் என் கையை இடப்பக்கம் இழுத்தாள். விளையாட்டுக்காம். எங்கள் வீடு வலப்பக்கம்.

சுவருக்கு நாளை இன்னொரு கோட் அடித்துவிடலாம். அந்த சிடியை எத்தனை கடைக்குச் சும்மா கொடுத்திருக்கிறானோ.