தோல் உரியாத கொம்பு

வில்லியனூர்,
11.7.1979

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மாமாவும் சுகமா? அப்பா தூங்கிய பிறகு, சமையற்கட்டில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன்.

மாமா அனுப்பிய மான்கொம்பு மூட்டை வெள்ளிக்கிழமை நம் நாட்டு மருந்துக்கடைக்கு வந்தது. எப்போதும் காய்ந்த கொம்புதான் வரும். இந்தமுறை மூன்றில் மெத்தென்று மயிர்த்தோல் இருந்தது. அழுத்தினால் அமுங்குகிறது. அடியில் கறுத்த ரத்தம். அப்பாவிடம் கேட்டேன்.

"தென்னையில குரும்பை உதுரல? அதாட்டம் இதுவும் பிஞ்சுல உதுந்துது. உனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்? போய்ப் படி" என்றார்.

உதிர்ந்த கொம்பை விற்கலாம், மானைக் கொன்று எடுத்தால் ஜெயில் என்கிறார்கள். போன வாரம் பாகூரில் ஒரு கடைக்காரரைப் போலீஸ்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்களாம். அப்பாவையும் கூட்டிப் போவார்களா? நீதான் விலங்கியல் படித்தவள். பிஞ்சுக் கொம்பு உதிருமா?

உன் செல்லத் தங்கை
சுலோ

சத்தியமங்கலம்,
20.7.1979

அன்புத் தங்கை சுலோசனாவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. மாமாவும் படித்தார். மரம் வெட்டும் ஆட்கள் காட்டில் பொறுக்கி வந்த கொம்புகள்தாம் அவை. அப்பா சொன்னது சரி, பிஞ்சிலும் உதிரும். இதை யாரிடமும் பேசாதே, டீச்சரிடம்கூட. கடிதத்தைக் கிழித்துவிடு. அடுத்த மூட்டையோடு உனக்குப் பாவாடைத் துணி அனுப்புகிறேன்.

அம்சவள்ளி

வில்லியனூர்,
26.7.1979

அக்கா,

நீ என்னை எப்போது சுலோசனா என்று கூப்பிட்டாய்? எழுதும்போது மாமா பக்கத்தில் நின்றாரா?

தபால்காரர் உன் கடிதத்தைக் கடையில் கொடுத்துவிட்டார். "அம்சாவே சொல்லிட்டா பாரு. இனிமே அவளுக்கு எழுதுன, கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா மருந்துக்காக அந்தப் பிஞ்சுக் கொம்பைச் சீவ ஆரம்பித்தார்.

பரணில் உன் பி.யூ.சி. நோட்டைத் தேடி எடுத்தேன். மான் படத்துக்குக் கீழே நீயே எழுதியிருக்கிறாய்: "வளரும் கொம்பு உயிருள்ள எலும்பு. தோலில் ஓடும் ரத்தம் அதை வளர்க்கிறது. முதலில் குருத்தெலும்பு, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும். தன் விலா எலும்பிலிருந்துகூட மான் அந்தச் சத்தை எடுத்துக் கொடுக்கும். இறுகியதும் தோல் உரியும். பல மாதம் கழித்து, எலும்பைக் கரைக்கும் செல்கள் அடியை அரிக்க, கொம்பு விழும்."

பிஞ்சில் உதிரும் என்று எங்கும் இல்லை. கடிதமும் உன் கையெழுத்து, நோட்டும் உன் கையெழுத்து. நான் எதை நம்புவது?

நோட்டை அப்பாவிடம் காட்டினால் அவர் இந்த வியாபாரத்தை விட்டுத் தப்பிப்பார், மாமா மாட்டுவார். உண்மையை நீயே அப்பாவுக்கு எழுதிவிடு. அடுத்த மூட்டை வரும்வரை நோட்டை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பேன்.

சுலோ

வில்லியனூர்,
3.8.1979

அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. மூட்டை வந்தது.

பாவாடைத் துணியை ஒரு தோல் கொம்பின் மேல் சுற்றி அனுப்பியிருந்தாய். மஞ்சள் துணி. என் ஜடையில் நீ போடும் அதே இரட்டை முடிச்சு. அவிழ்த்தேன். கொம்பின் அடியில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தது; தானாக உதிர்ந்த கொம்பில் அது இருக்காது. கறை துணியின் எல்லா மடிப்பிலும் இறங்கியிருந்தது. உன் பதில் இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இது அம்சா எழுத்துதான?"

"ஆமாம்பா."

இன்று கடையைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பட்டப்பகலில், அப்பாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் தலைக்கு அவரே காசு எடுத்து வைத்திருக்கிறார்.

சுலோசனா