ரெண்டு ஆள் வேலை

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காலையில் புல்லட்டை உதைத்ததும் தெருவே நீலப் புகையில் மூடிக்கொண்டது. எதிர் வீட்டு நாய்கூட எழுந்து போய்விட்டது. ஒரு நிமிடத்தில் அடங்கியது. துறையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை. 1983 மாடல், நான் வாங்கியே இருபத்தைந்து வருடம். எதுவும் சொல்லாமல் இத்தனை நாள் ஓடியதே அதிகம்.

சென்னையிலிருந்து அண்ணன் போன். "இன்னும் முடிவு சொல்லல நீ. ஜூன்ல மூணு நாள் காய்ச்சல்ல கெடந்த. ஒரு ஆளுக்காவது தெரிஞ்சுதா மணி? செத்துக் கெடந்தாலும் உன் ஆபீஸ்ல லீவு லெட்டர்தான் கேப்பாங்க." சிரித்தார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவர் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு அங்கே போவதா, இங்கேயே இருப்பதா என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மைதானே.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மெக்கானிக் கொளஞ்சியப்பன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. புகையைப் பார்த்தார். "போர் போயிடுச்சு மேடம். பிஸ்டன் மாத்தணும்." பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரைத்தான் போர் என்பார்கள்.

"போர் போயிருந்தா ஓடுற நேரம் பூரா புகையணும். இது ஸ்டார்ட் பண்ணும்போதும் ஆக்சிலேட்டர விட்ட பின்னாடியும் மட்டும்தான் வருது. வால்வு சீலா இருக்காதா?"

"மேடம் படிச்சது கல்லு," என்றார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம். நான் ஜியாலஜி படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். "இது இரும்பு." பிறகு என்னிடம், "அப்ப நீங்களே பாத்துக்கங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். புகையோடு வீட்டுக்கு வந்தேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

அரியலூருக்குப் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இன்று மாதிரி எண்களைத் தவிர யாரிடமும் வேறு எதுவும் பேசவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்து டேங்க், சைலன்சர், கார்புரேட்டர் எல்லாம் இறக்கி, எஞ்சின் ஹெட்டைத் தூக்கிவிட்டேன். கழற்றிய வரிசையில் பழைய பேப்பர் மேல் வைத்துப் பென்சிலால் எண் போட்டேன். வால்வை ஸ்பிரிங்கோடு பிடித்து வைத்திருப்பவை லாக் எனும் இரண்டு அரை வளையத் துண்டுகள். துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு ஸ்பானர் சாக்கெட்டை வைத்துத் தட்டினால் துணிக்குள் வந்து விழுகின்றன. கழற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

நான் சொன்னதுதான். வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்க வேண்டிய ரப்பர் சீல் நகம் பட்டதும் பழைய பிஸ்கட் போல உதிர்ந்தது. வண்டியோடு வந்ததா, எனக்கு விற்ற சர்வேயர் பிற்பாடு போட்டதா, தெரியவில்லை. அதன் மடிப்பில் சாம்பல் நிறத் தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே இத்தனை வருடம் போனால் வேறென்ன சேரும்? சுண்ணாம்பு இரும்பைக் கீறாது. அதோடு வரும் மணல் கீறும்.

போர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. யாரை?

ஓர் எண்ணம். வேறு யார் கையும் படாமல் இதைக் கழற்றிப் பூட்டி ஓட்டிவிட்டால் இங்கேயே இருக்கிறேன். முடியாவிட்டால் அண்ணன் வீடு. எழுதிவிட்டுப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்கிறவள் நான். இந்த வரிகளை அடித்துவிடலாமா? இருக்கட்டும்.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. திருச்சியிலிருந்து புது சீல்கள் வந்துவிட்டன. அவற்றை மாட்டும் முன் வால்வுகள் இடைவெளியில்லாமல் உட்காரும்படி தேய்க்க வேண்டும்.

வால்வின் விளிம்பில் தேய்ப்பதற்கான கரகரப்புப் பேஸ்ட்டைத் தடவி அது உட்காரும் இடத்தில் வைத்து, ரப்பர் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துப் போலக் கடைய வேண்டும். முதலில் கரகரவென்கிறது. போகப் போகச் சத்தம் மெலிகிறது. விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் விழுந்தால் போதும். பிறகு பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் ஒழுக்கு இல்லை. மற்றதில் ஒரு சொட்டு. மறுபடி கடைந்தேன். மறுபடி ஒரு சொட்டு. நிமிர்ந்தபோது மூன்று மணி, சாப்பிடவில்லை.

நான்காவது தடவை சொட்டவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஸ்பிரிங்கை முழுதாக அழுத்தி, அழுத்தத்தை விடாமல், அந்த இரண்டு துண்டுகளையும் உள்ளே வைக்க வேண்டும். பட்டறைகளில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய இரும்புக் குழாய் வைத்திருப்பார்கள். ஒருவர் அதன்மேல் பாரத்தைப் போடுவார், மற்றவர் ஜன்னல் வழியாக லாக்கை வைப்பார். அதேபோல ஒரு குழாயை வெல்டிங் கடையில் வெட்டி வாங்கி வைத்திருந்தேன். இடது முழங்கையால் அழுத்தினேன், வலது கையில் ஆய்வக இடுக்கி. மோவாயால்கூட அழுத்திப் பார்த்தேன். எட்டாவது தடவை குழாய் வழுக்கியது. ஒரு லாக் டிங் என்று பறந்தது.

நூலில் கட்டிய காந்தத்தோடு கொட்டகை முழுவதும் தவழ்ந்தேன். ஆணி, ஊசி, பழைய பிளேடு. அது இல்லை. அப்படியானால் கொட்டகையின் திறந்த பக்கம் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம். ஜரீனா வீடு.

ஜரீனாவின் கணவர் அப்துல் சலாம் குவைத்தில். இங்கே அவளும் பள்ளிக்கூடம் போகும் மகள் ஷைமாவும்தான். போன வருடம் நோன்பு மாதத்தில் தினம் சாயங்காலம் எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். நாலாம் நாள், "இனிமே வேணாங்க, தனி ஆளு, வீணாப் போகுது" என்று தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். உண்மையைத்தான் சொன்னேன். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள் அதற்குப் பிறகு மேடம் என்கிறாள். இந்த வருடம் கஞ்சி வரவில்லை.

கதவைத் தட்ட எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

"சொல்லுங்க மேடம்."

"ஒரு இரும்புத் துண்டு, சின்னது. உங்க பக்கம் பறந்து வந்துடுச்சு."

"நல்லவேளை, என் தலை தப்பிச்சுச்சு," என்று வழி விட்டாள்.

பின்பக்கம் சாக்கில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் காந்தத்தை இழுத்தேன். இரண்டு பேருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டது. "யா அல்லா, நாலு கிலோவையும் உழுதுட்டீங்களே!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளும் கிளறினாள். அவள்தான் கண்டுபிடித்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டுக்கா இந்தப் பாடு? இத எப்புடி மாட்டுவீங்க?"

"ஒரு ஆள் அழுத்தணும். ஒரு ஆள் மாட்டணும்."

"அந்த இன்னொரு ஆளு எப்ப வர்றாரு?"

துண்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "நீங்க வந்து கொஞ்சம் அழுத்துறீங்களா?"

"எழுபத்தெட்டு கிலோ இருக்கேன். இதுக்காவது ஒதவட்டும்."

பிஸ்மில்லா என்று குழாய்மேல் சாய்ந்தாள். என்னிடம் அவ்வளவு முரண்டு பிடித்த ஸ்பிரிங் பேசாமல் இறங்கியது. துண்டுகளில் கிரீஸ் தடவி ஒட்ட வைத்தேன். இரண்டாவது வால்வுக்கு அவளே "ம், வைங்க" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காலைல ஏழே காலுக்கு உங்க வண்டி சத்தம் கேட்டுத்தான் ஷைமாவ எழுப்புவேன். ஜூன்ல மூணு நாளா சத்தத்தையே காணோம். ரெண்டு வாட்டி உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். வேணாம்னு சொன்ன ஆளாச்சே, போயி என்னத்தக் கேக்குறதுன்னு திரும்பிட்டேன்."

"காய்ச்சல்."

"நெனச்சேன். நாலாம் நாள் சத்தம் கேட்டுச்சு. அல்ஹம்துலில்லாஹ்னுட்டு மாவாட்டப் போயிட்டேன்."

கை முழுக்க கிரீஸ். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

தெரிஞ்சிருக்கு. மூணு நாளும் தெரிஞ்சிருக்கு. கேட்டு வரைக்கும் வந்து நின்னுருக்கா. நான்தான் — ஒரு தூக்குக் கஞ்சி. குடிச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா என்ன?

24 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாம் பூட்டி மூன்றாவது உதையில் எடுத்தது. புகை இல்லை. நம்பாமல் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி உதைத்தேன். இல்லை.

கொளஞ்சியப்பனிடம் ஓட்டிப் போனேன். சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டி, கையை மோந்து பார்த்தார். "பொகை இல்லியே."

"சீல்தான்."

"தனியாவா பூட்டுனீங்க?"

"இல்ல."

"அதான பாத்தேன்," என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

நான் எழுதி வைத்த நிபந்தனைப்படி தோற்றுவிட்டேன். அண்ணனைக் கூப்பிட்டு, வரவில்லை என்றேன்.

"திரும்பவும் காய்ச்சல் வந்தா?"

"பக்கத்து வீட்டுல தெரியும்."

"பக்கத்து வீட்டுல யாரு? நீ சொன்னதே இல்லையே."

சொன்னேன். உன் இஷ்டம் என்று வைத்துவிட்டார். கோபம்தான்.

28 ஆகஸ்ட், வியாழன்

ஒரு டப்பா மிளகாய்த்தூள் வந்தது. சலித்துவிட்டதாகவும் இரும்பு இல்லை என்றும் ஷைமா சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

ஜரீனாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பார்க்க லெப்பைக்குடிகாடு போக வேண்டும். ஷைமா நேற்றே மாமாவோடு போய்விட்டாள். "அடுத்த பஸ்ஸு பதினோரு மணிக்குத்தான்," என்று என் வாசலில் நின்று ஜரீனா சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"ஏறுங்க," என்றேன்.

பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் மடங்கிய நிலையிலேயே துருப்பிடித்திருந்தது. இழுத்தால் வரவில்லை. டீசல் விட்டுச் சுத்தியலால் தட்டினேன்.

"ஏன்க்கா, இதுல யாருமே ஏறுனதில்லையா?"

"இல்ல."

ஐந்தாவது தட்டில் இறங்கியது. வழியெல்லாம், "மெதுவாப் போங்க, எனக்குப் புள்ளை இருக்கு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெதுவாகத்தான் போனேன். அவள் அம்மா வீட்டில் டீ கொடுத்தார்கள். இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள். அதையும் குடித்தேன்.

அவள் அங்கேயே தங்கிவிட, திரும்பும்போது தனியாகத்தான் வந்தேன். ஃபுட்ரெஸ்ட்டை மடக்கவில்லை. அப்படியே இருக்கிறது.