நீ சாய்ந்த சுவரும் நீராவி மிஷினும்

நாளை பெயிண்டர் வருகிறார். ஹாலில் நீ சாய்ந்து உட்காரும் இடத்தில், சுவரில் வட்டமாக உன் தலை எண்ணெய்க் கறை இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, "இத்த எடுக்காம எந்த பெயிண்ட் அட்ச்சாலும் நிக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். நீ போய்ப் பத்து மாதமாகிறது. எடுக்க மனசே வரவில்லை. காலை முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கறைக்காக உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்! "சொவுரு ஜில்லுனு கீது மாமா, நீயும் வந்து சாஞ்சி பாரு" என்பாய். நான் ஒருநாளும் வந்து சாய்ந்ததில்லை.

மதியம் பரணிலிருந்து நீராவி மிஷினை இறக்கினேன். பிளீச்சிங் பவுடர் நெடி பட்டாலே உனக்கு வீசிங் வரும் என்றுதானே அதை வாங்கினோம். "இட்லி குண்டான்ல வராத ஆவியா? அதுல போவாத அழுக்கு இதுல எப்டி போவும்?" என்று கேட்டாய். மூடிய தொட்டிக்குள் ஆவி போக வழியில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும், விசையை அழுத்தினால் குழாய் முனையில் சீறி வரும், அந்தச் சூட்டில் பிசுக்கு இளகும் என்று விளக்கினேன். தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றாதே என்றும் சொன்னேன். பெரிதாகத் தலையாட்டினாய். கிருத்திகைக்கு முதல் நாள் தொட்டியில் பச்சைக் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டுவிட்டாய். முனை அடைத்துக்கொண்டது. நான் கத்தினேன்.

"வூடும் மலைமேல கீற மாரி மணக்கட்டும்னுதான் போட்டேன். முருகனே கோச்சிக்கல, உனுக்கு இன்னா?"

ஊசியால் குத்திக் குத்தி அடைப்பை எடுக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாம்.

நம் போர் தண்ணீரில் உப்பு படியும் என்பதால் கேன் தண்ணீரை முக்கால் அளவுக்கு ஊற்றினேன். சூடேறி மிஷினின் விளக்கு அணையும்வரை பொறுத்து, முதலில் துப்பும் வெந்நீரை வாளியில் விட்டேன். பிறகு ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆவியைக் கறைமேல் மேலிருந்து கீழாகக் காட்டினேன். ஆவி கறையை இளக்கத்தான் செய்யும். உடனே துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் அங்கேயே திரும்பக் காய்ந்துவிடும். என் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். சுவர் வெளுக்க வெளுக்க அழுகை வந்தது. வீட்டில் யாருமில்லை, அழுதேன்.

பிளக்கைப் பிடுங்கி, மிச்ச ஆவியை வெளியே விட்டு, மூடியைத் திறக்காமல் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். பத்திரிகை வைக்கப் போயிருந்த மகள் அப்போதுதான் திரும்பினாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். துவைக்கப் போடலாம் என்று கீழே கிடந்த துணியை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"நைனா, அம்மா வாசன வருது."

வாங்கி முகர்ந்தேன். ஆமாம், நீதான்.

துணியை அவள் துவைக்கவில்லை. இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி என் சட்டைப் பையில் இருக்கிறது. மறு பாதி கல்யாணப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில், அவளோடு மாமியார் வீட்டுக்கு, அரக்கோணம் போகிறது.