இரண்டாம் அங்கத்தில் என் சாவு

1957 ஜனவரி 8, ஸ்க்ராண்டன்
பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் பாய்லர் மறுபடியும் கசிகிறது. நாளைக்கும் அதே வேலைதான்.

மாலையில் நியூயார்க்கிலிருந்து தம்பி எமில் போனில் கூப்பிட்டான். நாடகம் எழுதி இரண்டு பெரிய பரிசு வாங்கியவன். வசனம் சிக்கினால்தான் அவனுக்கு அண்ணன் ஞாபகம் வரும்.

"பாய்லர் வெடிக்கப் போகுதுன்னா முதல்ல என்ன சொல்லுவ?"

"ஓடுன்னு சொல்லுவேன்."

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 2
புது நாடகத்தின் பிரதி தபாலில் வந்தது. பாய்லர் பழுதுபார்க்கும் அண்ணன். பேர் வாங்கியபின் எட்டிப் பார்க்காத தம்பி. இரண்டாம் அங்கத்தில் அண்ணன் நிலவறைப் படியில் மாரடைப்பு வந்து சாகிறான். என் தொப்பி, என் இருமல், என் வசவு எல்லாம் இருக்கிறது.

என் மனைவி பெர்ட்டா படித்துவிட்டு, "உங்களவிட நாடகத்து அண்ணன் நல்லாப் பேசுறார்" என்றாள்.

பிப்ரவரி 20
நாடகாசிரியரின் அண்ணன் செத்த கதை என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேர் கசகசா ரொட்டியோடு துக்கம் விசாரிக்க வந்தார்கள். கதவைத் திறந்தது நான். ரொட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 21
நானே கூப்பிட்டேன். "உசுரோட இருக்கிறவன ஏன்டா சாகடிக்கிற? இருக்கேனா இல்லியான்னு ஒரு தடவ வந்து பாத்தியா?"

"சரிண்ணே, பிழைக்க வச்சிடறேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. எதற்கு?

மார்ச் 3
நியூயார்க்கில் போடுமுன் நாடகத்தை வெளியூரில் நடத்திப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நேற்று நியூ ஹேவனில் நான் பிழைத்துக்கொண்டேன். ஜனங்கள் பாதியிலேயே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். 'அண்ணன் பிழைப்பது நம்பும்படி இல்லை' என்கிறது பத்திரிகை.

மார்ச் 5
நாடகத்தை நிறுத்திவிடப் போகிறார்களாம். கூப்பிட்டேன்.

"என்னைக் கொன்னுடு."

"அண்ணே—"

"ஆனா வேலைய முடிச்சிட்டுச் சாகட்டும். பாய்லர அரைகுறையா விட்டுட்டு நான் போகமாட்டேன்."

அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

மார்ச் 28, நியூயார்க்
மூன்றாவது வரிசையில் பெர்ட்டாவோடு உட்கார்ந்தபடி செத்தேன். பாய்லர் சூடேறிய பிறகுதான். பக்கத்துச் சீமாட்டி தேம்பினாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை.

எமில் அரங்கின் கடைசிச் சுவரோரம் நின்றிருந்தானாம். மேடையைப் பார்க்காமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றாள் பெர்ட்டா.

ஏப்ரல் 7
எமில் கூப்பிட்டான்.

"எந்த வசனம்?" என்றேன்.

"வசனமெல்லாம் இல்ல. நீ எப்படிண்ணே இருக்க?"

பெர்ட்டாவைப் பார்த்தேன். இதற்கு என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

"இருக்கேன்" என்றேன்.